மறைப்புக் கண்ணாடியும் என் வலது காதும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான் ஒரு சந்தேகப் பிராணி. மீன் வாங்கப் போனால் செவுளைத் திறந்து பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். நான் செவுளைப் பார்த்த பிறகு, எந்தத் தோணியில் வந்த மீன் என்று கேட்பேன். தோணியைச் சொன்னால், அந்தத் தோணிக்காரர் நேற்றுக் கடலுக்குப் போனாரா என்று பக்கத்துக் கடையில் விசாரிப்பேன். நான் விசாரித்து முடிப்பதற்குள் நல்ல மீனும் பழுதாகிவிடும். (கல்முனைச் சந்தையில் என்னைக் கண்டால் சாக்கை இழுத்துக் கூடையை மூடிவிடுகிற ஒரு மீன்காரர் இன்றைக்கும் இருக்கிறார்.)

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பதில் கொஞ்சம் வெட்கக்கேடானது. எனக்குக் கைபேசி திருத்தும் கடை. அந்தக் காலத்தில் 'ஒரிஜினல்' என்று எழுதிய பெட்டியிலிருந்து நான் எதை எடுத்துக் கைபேசிக்குள் பூட்டினேன் என்பது எனக்கும் படைத்தவனுக்கும் மட்டுமே தெரியும். என் கடையில் நான் செய்வதைத்தான் ஊரில் மற்ற எல்லோரும் அவரவர் கடையில் செய்வார்கள் என்று உறுதியாக நம்பினேன். அதைத் தவிர வேறு எதையும் நம்பவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் பெண்ணுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். அந்த வீடு முடிகிறவரை அவளுடைய காக்காமாருக்கு, அதாவது அண்ணன்மாருக்கு, கல்யாணப் பேச்சே கிடையாது. வாப்பா மவுத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு என் தங்கை ஸஹ்னாவுக்கு வீட்டை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. நண்பர்கள் எல்லாம் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு பெருநாள் தொழுகைக்கு வரும்போது, நான் ஓட்டுக்கும் கதவு நிலைக்கும் அலைந்துகொண்டிருந்தேன்.

வீடு முடிகிற தறுவாயில் நிந்தவூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். ஸஹ்னாவுக்குப் பிடித்திருந்தது. அவள் அதை வாய் திறந்து சொல்லவில்லை; ஆனால் கணக்கு என்றாலே காய்ச்சல் வருகிற பெண், திடீரென்று ஒரு நாள் சாப்பிடும்போது "கணக்கும் அவ்வளவு கஷ்டமில்லத்தான்" என்றாள். உம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இனி மாப்பிள்ளையின் உம்மா வந்து வீட்டைப் பார்க்க வேண்டும், பார்த்துச் சரி என்றால் கல்யாணம் முற்றாகும். மிச்சம் அவ்வளவுதான்.

அந்த வீட்டில் முன்னுக்கு ஹோல், அதற்குப் பின்னால் சாப்பாட்டறை. இரண்டுக்கும் நடுவில் எல்லா வீடுகளிலும் ஒரு திரைச்சீலை தொங்கும், ஆண்கள் முன்னுக்கு இருந்தால் பெண்கள் பின்னுக்கு இருக்க வசதியாக. ஸஹ்னாவுக்கு அது வேண்டாம். கடல் காற்றுக்குச் சீலை ஒரு இடத்தில் நிற்காது, வந்தவர்களுக்கு முன்னால் எழும்பிப் பறக்கும், பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும் என்றாள். அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள்: இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு துணியை வைத்து ஒட்டி ஒரே பலகையாக்கிவிடுகிறார்களாம். லாமினேட் கண்ணாடி என்று பெயராம். மருதமுனையில் நெய்த இளம்பச்சைக் கட்டம் போட்ட கைத்தறிச் சாரி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் விரித்தாள். இதைத்தான் நடுவில் வைக்க வேண்டும் என்றாள்.

உடுக்கிற சாரியைக் கண்ணாடிக்குள் வைப்பதா என்று எனக்கு முதல் சந்தேகம் வந்தது. அது முதலாவது மட்டும்தான்.

ஆலையடிவேம்பில் யோகன் அண்ணன் என்று ஒருவர் இருந்தார். வளைகுடாவில் கண்ணாடித் தொழிற்சாலையில் பல வருடம் நின்றுவிட்டு வந்து, தகரக் கொட்டில் போட்டு, ஒரு பெரிய சூட்டடுப்பும் வைத்துக்கொண்டு தொழில் செய்தார். மெதுவாகக் கதைக்கிற மனிதர். (மெதுவாகக் கதைப்பவர்களை நான் இன்னும் அதிகமாகச் சந்தேகிப்பேன்.) கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவில் ஒட்டுகிற தாளை விரித்து, பையில் போட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்து, சூட்டில் வைத்தால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று விளக்கினார். முன்கதவின் இரண்டு பக்கத்துக்கும் இதே கண்ணாடியைத் துணியில்லாமல் போடலாம், கல்யாணம் முடியும்வரை வீடு சும்மா கிடக்கும், கள்ளன் அடித்தாலும் கண்ணாடி வெடிக்குமே தவிர விழாது, கையை உள்ளே விட வழி கிடைக்காது என்றார். வீதிச் சத்தமும் உள்ளே குறையும் என்றார்.

எனக்கு இது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஒரு கண்ணாடி மறைக்கவும் வேண்டும், கள்ளனைத் தடுக்கவும் வேண்டும், சத்தத்தையும் குறைக்க வேண்டும் என்றால், இனி அது தேத்தண்ணீரும் ஊற்றிக் கொடுக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு ஒரு துண்டுக் கண்ணாடியை மணல் மூட்டையில் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டார். கண்ணாடி நாலா பக்கமும் வெடித்தது. ஒரு துண்டும் கழலவில்லை.

நான் அந்தச் சுத்தியலை வாங்கி நிறை பார்த்தேன். கொஞ்சம் இலேசாகத் தெரிந்தது. மறுநாள் என் வீட்டுச் சுத்தியலைக் கொண்டுபோனேன். (ஓம், கொண்டுபோனேன். பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு.) வேறொரு துண்டை நானே தெரிவுசெய்து நானே அடித்தேன். அதுவும் வெடித்தது, அதுவும் விழவில்லை. யோகன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "தம்பி, நாளைக்கு வேற மூட்டையும் கொண்டு வாங்க, மணல்லயும் ஒரு சந்தேகம் வேணாம்" என்றார். நான் அதைப் பகிடி என்று எடுக்காமல் ஒரு நிமிடம் மணல் மூட்டையைத் தட்டிப் பார்த்தேன்.

அடுத்தது சாரி. அவர் நல்ல சாரியை வைத்துக்கொண்டு வேறொரு மட்டமான துணியை உள்ளே வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அதனால் சாரியைக் கொடுப்பதற்கு முன் அதன் மூலையில் நீலப் பேனையால் சின்னதாக 'ந' என்று எழுதினேன், நஸார் என்ற என் பெயரின் முதலெழுத்து. வந்ததும் பார்த்து உறுதிசெய்துவிட்டுத் துடைத்துவிடலாம் என்பது என் திட்டம். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒட்டிச் சுட்டுவிட்ட துணியிலிருந்து ஓர் எழுத்தை எப்படித் துடைப்பது என்று அந்த மூளை யோசிக்கவில்லை. கண்ணாடி வந்தபோது வலது பக்கக் கீழ் மூலையில் என் 'ந' சாகாவரம் பெற்று உட்கார்ந்திருந்தது. ஸஹ்னா குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். துணி நெய்தவர்களின் அடையாளமாக இருக்கும் என்றேன்.

கண்ணாடியைப் பூட்டி முடித்த அன்று யோகன் அண்ணன் கைகளைத் துடைத்துக்கொண்டு ஹோலுக்கும் சாப்பாட்டறைக்கும் இரண்டு மூன்று தரம் நடந்தார். பிறகு சாப்பாட்டறை ஜன்னலடியில் நின்று வெளியே பார்த்தார். அந்த ஜன்னல் மேற்குப் பக்கம். அதற்கு அப்பால் மரம் மட்டை ஒன்றும் இல்லை, வயல்தான்.

"தம்பி, வெளிச்சம் எந்தப் பக்கத்தில இரிக்கோ, அந்தப் பக்கத்து ஆள் மற்றப் பக்கத்துக்குத் தெரியும். காலையில கடல் பக்கத்தால வெளிச்சம் வாறதால ஒண்டும் தெரியா. பின்னேரம் அஸருக்குப் பொறகு வயல் பக்கத்தால வெயில் வரும். அந்த நேரத்தில ஒருக்கா நிண்டு பாருங்க. தேவையெண்டா இந்த ஜன்னலுக்கு ஒரு சீலையப் போட்டாச் சரி."

சீலை என்றதும் எனக்குள் மணி அடித்தது. அவருடைய மச்சாள் அக்கரைப்பற்றில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். (நான் விசாரிக்காமல் இருப்பேனா?) அப்படியானால் கண்ணாடியை விற்றது இவர், இனி சீலையை விற்பது அவள். இந்தக் குடும்பம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று நினைத்துக்கொண்டு, பார்க்கலாம் அண்ணன் என்று தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

இருந்தாலும் சோதிக்காமல் விடவில்லை. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு ஸஹ்னாவைச் சாப்பாட்டறையில் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தினேன். கையைத் தூக்கச் சொன்னேன், நடக்கச் சொன்னேன், குதிக்கச் சொன்னேன். நான் ஹோலில் கதிரை கதிரையாக மாறி இருந்து பார்த்தேன். தரையில் படுத்தும் பார்த்தேன். பச்சைக் கட்டமும் வெள்ளைக் கோடும் தவிர ஒன்றும் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பொருளை முழுதாக நம்பினேன். அதற்கு ஒரே காரணம், அதைச் சோதித்தது நான்.

வீடு பார்க்க வந்த அன்று அஸர் தொழுதுவிட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா, அவருடைய காக்கா ஹாஜியார், பேத்தி ஒருத்தி, மூன்று வயது இருக்கும். மாப்பிள்ளையின் உம்மாவை நான் மாமி என்று அழைத்தேன். மாமி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குசினி நல்லம் என்றார். கிணறு நல்லம் என்றார். முன்கதவுக் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்து, "கெட்டியா இரிக்கி" என்றார். கண்ணாடி மறைப்புக்கு முன்னால் நின்று, இப்படி ஒரு வடிவை எங்கேயும் காணவில்லை என்றார். கீழ் மூலையிலிருந்த 'ந'வைக் காட்டி இது என்ன என்று கேட்டார். நெய்தவர்களின் அடையாளம் என்று நான் சொல்ல, என் உம்மா தொண்டையைச் செருமினா.

எல்லாவற்றையும் புகழ்ந்தார். அங்கேதான் எனக்குத் தட்டியது. மகனை இந்த வீட்டுக்குக் குடியனுப்பப் போகிற தாய் ஒரு குறையாவது சொல்ல மாட்டாளா? ஜன்னல் சின்னது, குசினி வெயில், ஏதாவது? ஒரு குறையும் சொல்லாத சம்பந்தியை நான் கேள்விப்பட்டதில்லை. அதோடு, முடிவெட்டுகிற இடத்தில் எனக்கு ஒரு செய்தி கிடைத்திருந்தது: இந்த மாப்பிள்ளைக்கு முன்பு ஒரு இடத்தில் பேசி, ஏறக்குறைய முற்றாகி, பிறகு குழம்பிப்போனதாம். ஏன் குழம்பியது என்று வெட்டுகிறவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தாக வேண்டும். வாப்பா இல்லாத வீட்டில் என் தங்கையை எவனிடம் கொடுக்கிறேன் என்று நான் பார்க்காவிட்டால் யார் பார்ப்பது?

நேரே கேட்டிருக்கலாம். அது இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குத் தெரிந்த ஒரே உண்மை, ஆட்கள் தனியே இருக்கும்போதுதான் உண்மையைக் கதைப்பார்கள் என்பது.

ஆகவே அவர்களைத் தனியே விட ஏற்பாடு செய்தேன். மூவரையும் கண்ணாடிக்குப் பக்கத்துச் சோபாவில் அமர்த்தினேன், காற்று நல்லா வரும் என்று சொல்லி. உம்மாவிடம் குசினியில் வட்டிலப்பம் வெட்டச் சொல்லி அனுப்பினேன். ஸஹ்னா ஏற்கெனவே தேத்தண்ணீரோடு குசினியில். பிறகு நான் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, இதோ ஒரு கோல் என்று சைகை காட்டி முன்கதவால் வெளியே போனேன். வீட்டைச் சுற்றி ஓடி, பின்கதவால் நுழைந்து, செருப்பைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டறைக்குள் வந்தேன்.

வயல் பக்கத்து ஜன்னலால் வெயில் மஞ்சளாக விழுந்து அறை முழுக்க நிறைந்திருந்தது. நான் கண்ணாடியை நெருங்க நெருங்க என் நிழல் அதில் விழுந்தது. அதை நான் கண்டேன். கண்டும், நிழல் என்றால் நான் நிற்கிற பக்கத்தில்தானே விழும், அவர்களுக்கு என்ன என்று நினைத்தேன். மனிதனுக்குச் சந்தேகம் வரவேண்டிய இடத்தில் வராது என்பதற்கு நானே சாட்சி.

வலது காதைக் கண்ணாடியில் ஒட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் அழுத்தினேன். என் காது சுட்டதே தவிர ஒரு சொல்லும் வரவில்லை. யோகன் அண்ணன் சத்தம் குறையும் என்று சொன்னது பொய்யாக இருக்கும் என்று முழுதாக நம்பியிருந்தேன், அந்த மனிதர் அதையும் உண்மையாகச் சொல்லித் தொலைத்திருக்கிறார். மேசையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தேத்தண்ணீர்க் கிளாஸ் ஒன்றை எடுத்து, வாயைக் கண்ணாடியில் வைத்து, அடியைக் காதில் வைத்தேன். இப்போது கொஞ்சம் கேட்டது. அது என்னுடைய நெஞ்சடிப்பு.

கீழே கேட்காவிட்டால் மேலே கேட்கும் என்று தோன்றியது. கண்ணாடிக்கும் மேல் உத்தரத்துக்கும் நடுவில் ஒரு விரலளவு இடைவெளி இருந்தது. பெயின்ட் அடித்தவர்கள் விட்டுப்போன இரும்புக்கால் ஸ்டூல் மூலையில் கிடந்தது. அதை மெதுவாகத் தூக்கிவந்து கண்ணாடியோடு ஒட்டி வைத்து ஏறினேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் கிளாஸ், மற்றக் கையால் உத்தரத்தைப் பிடித்து, நுனிவிரலில் எட்டி அந்த இடைவெளிக்குக் காதைக் கொண்டுபோனேன். ஆழ்ந்த மௌனம். அதிலும் எனக்குச் சந்தேகம்: இவர்கள் காதுக்குள் காதாகக் கதைக்கிறார்களோ?

அந்த நேரத்தில் ஹோலில் நடந்ததை ஸஹ்னா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அவளும் உம்மாவும் தட்டுகளோடு குசினியிலிருந்து பக்க நடையால் ஹோலுக்கு வந்திருக்கிறார்கள். மாமியும் ஹாஜியாரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் கதைக்காமல், பக்கத்துக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பச்சைக் கட்டத்தின் நடுவே கறுப்பாக, மூக்கு, காது எல்லாம் தெளிவாக, நான். காதை ஒட்டுகிறேன். போகிறேன். கிளாஸோடு வருகிறேன். மறுபடி போகிறேன். ஸ்டூலோடு வருகிறேன். சாரத்தை மடித்துக் கட்டுகிறேன். பேத்தி கையை ஆட்டி எனக்கு டாட்டா காட்டியிருக்கிறாள். நான் திருப்பிக் காட்டவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

உம்மா தட்டைக் கீழே வைக்கவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் நின்றாவாம். அப்போது ஹாஜியார் எழும்பியிருக்கிறார். கண்ணாடிக்குப் பக்கத்திலிருந்த கதவைத் திறந்துகொண்டு சாப்பாட்டறைக்குள் வந்து, ஸ்டூலுக்குப் பின்னால் நின்று, மிக மரியாதையாக எனக்கு ஸலாம் சொன்னார்.

ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடுவது தப்பு. "வ அலைக்குமுஸ்..." என்று ஆரம்பித்துத் திரும்பினேன். மிச்சத்தைத் தரையில் கிடந்துதான் முடித்தேன். நான் விழுந்தது பெரிய காரியமில்லை. நான் மிதித்த வேகத்தில் ஸ்டூல் புரண்டு, அதன் இரும்புக்கால் போய்க் கண்ணாடியின் நடுவில் முழுப் பலத்தோடு இடித்தது. துவக்குச் சத்தம்போல ஒரு சத்தம். அந்தப் பக்கம் உம்மா அல்லாஹ்வே என்றது எனக்குக் கதவால் கேட்டது. கண்ணாடியோடு ஒட்டின சோபாவில் மாமி இருக்கிறார், அவர் மடியில் அந்தப் பிள்ளை இருக்கிறது என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. என் வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததில்லை.

எழும்பி ஓடினேன். மாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றார். தலை, கை, கால், சட்டை எல்லாம் தடவிப் பார்த்தார். பிறகு சோபாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கண்ணாடி மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது, நடுவில் வட்டமாக நொறுங்கியிருந்தது. அது அப்படியே நின்றது. தரையில் ஒரு தூள்கூட இல்லை. பிள்ளை பயப்படவுமில்லை, வெடித்த இடத்தைத் தொட்டுப் பார்க்கப் போராடிக்கொண்டிருந்தது. நான் முதலில் சொன்னதைப்போலச் சாதாரணக் கண்ணாடி வாங்கிப் பூப்படம் ஒட்டியிருந்தால் என்று நினைத்துக்கொண்டு நானும் சோபாவைத் தடவிப் பார்த்தேன். (ஓம், அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஸஹ்னாதான் ஒரு கிழமை சண்டை பிடித்து என்னை மாற்றினாள்.)

ஹாஜியார் என் தோளில் கை வைத்தார். "தம்பி, இங்கால வந்து இரிந்து கேட்டிரிந்தா நாங்க சொல்லியிரிப்பமே."

என் கையில் இன்னமும் அந்தக் கிளாஸ் இருந்தது. அவர்கள் தேத்தண்ணீரைக் குடித்தார்கள், வட்டிலப்பத்தை நல்லம் என்றார்கள், ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். முடிவு ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. மூன்றாம் நாளும் நிந்தவூரிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. உம்மா என்னைத் திட்டித் திட்டிக் களைத்துப்போனா. ஸஹ்னா திட்டவில்லை. அவள் என்னோடு கதைக்கவே இல்லை. சோற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவாள். அதில் மீன் துண்டு மட்டும் வழக்கம்போல எனக்குப் பெரிதாக இருந்தது. மூன்றாம் நாள் இரண்டு வாய் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுடைய அறைக் கதவடியில் போய் நின்று, நான் போய்க் கதைத்துவிட்டு வருகிறேன் என்றேன்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "காக்கா, நேரா முன்கதவால போங்க."

நாலாம் நாள் முன்கதவால்தான் போனேன். மாமி ஹோலில் கதிரை போட்டு இருக்கச் சொன்னார். நான் வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போன எதுவும் வாயில் வரவில்லை. பிழை முழுக்க என்னுடையது, அதை என் தங்கையின் கணக்கில் வைக்காதீர்கள், அவளுக்கு உங்கள் மகனைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பெண் வீட்டார் சொல்லக்கூடாதது அது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

மாமி தன் கதிரையை எனக்கு நேரே இழுத்துப் போட்டார். "அண்டைக்கு நாங்க என்ன கதைச்சம் எண்டு தெரியணுமா? ஒண்டும் கதைக்கல்ல தம்பி. ஒங்களப் பாத்துக்கிட்டு இரிந்தம்" என்றார். பிறகு, என்ன கேட்க வந்து அவ்வளவு பாடு பட்டீர்கள், இப்போது கேளுங்கள் என்றார்.

கேட்டேன். முன்பு பேசின இடம் ஏன் குழம்பியது என்று, ஒரே மூச்சில். அந்தப் பெண்ணுக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்ததாம், படிப்பை முடித்துவிட்டுத்தான் கல்யாணம் என்றாளாம், இவர்களும் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தார்களாம். இப்போதும் இரண்டு வீடும் பெருநாளைக்குச் சாப்பாடு அனுப்பிக்கொள்கிறார்களாம். அவ்வளவுதான். இதற்காகத்தான் நான் ஸ்டூலில் ஏறினேன்.

இந்த மூன்று நாளும் ஏன் செய்தி அனுப்பவில்லை என்பதையும் அவரே சொன்னார். அவர்களும் விசாரித்திருக்கிறார்கள். எனக்குத் தலையில் ஏதும் சுகமில்லையா என்று. என் கடைக்குப் பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள், யோகன் அண்ணனிடம் கேட்டிருக்கிறார்கள், மீன் சந்தையிலும் கேட்டிருக்கிறார்கள். தலையில் ஒன்றுமில்லை, சந்தேகம் மட்டும்தான் என்று எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்களாம். மீன்காரர் கொஞ்சம் நீளமாகச் சொன்னாராம்.

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் மாமியின் குரல் மாறியது.

"தம்பி, புள்ளையக் குடுக்கிறது நீங்க மட்டுமில்ல. நானும் என்ட மகன ஒங்கட வீட்டுக்குத்தான் குடுக்கிறன். இருவத்தொம்பது வருசம் என்ட கையால சோறு திண்ட புள்ள. அந்த வீட்டுல அவன யாரு பாப்பாங்க எண்டு எனக்கும் பயந்தான். தங்கச்சிக்காகத் தன்ட மானத்த இப்பிடிக் கப்பலேத்துற ஒரு ஆள் அங்க இரிக்கிறாரு எண்டு தெரிஞ்ச பொறகு எனக்கு அந்தப் பயம் இல்ல."

மாமி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு நிபந்தனை இருக்கிறது என்றார். எனக்கு உடனே பழைய குணம் தலை தூக்கியது. இதோ வருகிறது, இதற்குத்தான் இவ்வளவு இனிப்பும் என்று நிமிர்ந்தேன். அந்தக் கண்ணாடியை மாற்றக்கூடாது என்றார். அப்படியே இருக்க வேண்டுமாம்.

அப்படியே இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த ஊரெல்லாம் வெடித்த கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் பிரியாணியில் கை வைத்தது. யோகன் அண்ணன் இப்போதும் புது வாடிக்கையாளர்களை ஸஹ்னாவிடம் கேட்டுக்கொண்டு அங்கே அழைத்துவருகிறார். அதைவிட நல்ல மாதிரி அவருடைய கொட்டிலில் இல்லையாம். அடித்தவர் யார் என்று அவர்கள் கேட்டால் மூலையிலுள்ள எழுத்தைக் காட்டுகிறார். அடுத்த வருடம் எனக்கும் கல்யாணம் நடந்தது. என் பெண்சாதி வீட்டில் பெண் பார்க்கப் போன அன்று, மாமனார் என்னைக் கண்டதும் செய்த முதல் வேலை, ஹோலில் கட்டியிருந்த சீலையை முழுதாக ஒதுக்கிவிட்டதுதான். கதை எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அதை முதலில் வெளியே விட்டது யார் என்று எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகம் உண்டு. ஹாஜியாராகத்தான் இருக்கும்.

ஸஹ்னாவின் வீட்டுக்கு நான் பெரும்பாலும் அஸருக்குப் பிறகுதான் போவேன். வயல் பக்கத்து ஜன்னலுக்கு அவள் இன்னமும் சீலை போடவில்லை. ஹோலில் இருந்தால் கண்ணாடியில் அவளும் மச்சானும் தெரிவார்கள். அவள் தேத்தண்ணீர் ஆற்றுவாள், மச்சான் பக்கத்தில் நின்று ஏதோ சொல்வார், அவள் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரிப்பாள். வெடிப்புகளுக்கு நடுவில் அந்த நிழல் சிரிக்கும். சத்தம் ஒன்றும் கேட்காது. என்ன சொன்னார், எதற்குச் சிரித்தாள் என்று நான் விசாரித்ததும் இல்லை.

அன்றைக்கு டாட்டா காட்டின அந்தப் பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஸஹ்னாவின் வீட்டில் என்னைக் கண்டவுடன் குசினிக்குள் ஓடி, ஒரு கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெது மெதுவாக, சிந்திவிடாமல் நடப்பவளைப்போல வந்து, "மாமா, இந்தாங்க" என்று மரியாதையாக நீட்டுவாள். வாங்கிப் பார்த்தால் வெறுங்கிளாஸ். உள்ளே எல்லோரும் சிரிப்பார்கள். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நான், அதை மட்டும் ஒவ்வொரு தடவையும் தேத்தண்ணீர் என்று நம்பிக் கை நீட்டி வாங்குகிறேன்.